நாற்பதடிச் சாலை

வரைபடத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.
எண்பத்தொன்பதாம் வருடம்
யாரோ ஒரு வரைவாளர் இட்ட புள்ளிக்கோடு.
கோத்தகிரி சந்தைக்குப் பின்னால் புறப்பட்டு,
காலி நிலமென்று மஞ்சள் பூசிய இடத்தைக் கடந்து,
சதுப்பின் விளிம்பில் ஒருமுறை நெளிந்து,
தாளின் ஓரத்தில் போய் முட்டி நிற்கிறது.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
உத்தேச நாற்பதடிச் சாலை,
எதிர்கால வளர்ச்சிக்காக.

எதிர்காலம் முப்பத்தைந்து வருடம் தாமதம்.

திங்கட்கிழமை தோறும் லிங்கா போஜன் வருவார்
பிளாஸ்டிக் உறைக்குள் பட்டாவோடு.
'அரை ஏக்கர் என்னுது. நடுவுல உங்க கோடு.
வீடு கட்டக் கேட்டா ரோடு வரும்ங்கறீங்க.
ரோடு எப்பன்னு கேட்டா நிதி இல்லைங்கறீங்க.
மக கல்யாணமாகி, பேத்தியும் பள்ளிக்கூடம் போறா.
இன்னும் வாடகை வீடு.'
அவர் சொல்வதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.
குறித்துக்கொள்வேன்.
அதற்கு முந்தைய திங்களும் குறித்திருப்பேன்.

இப்போது புதிய முழுமைத் திட்டம்.
கோயம்புத்தூர் நிறுவனம் டிரோன் விட்டுப் பார்த்துவிட்டு
நாலே சொல்லில் எழுதியிருக்கிறது:
தேவையற்ற சாலை. நீக்கப் பரிந்துரை.
உதவி இயக்குநர் தொலைபேசியில் சொன்னார்:
'களத்தைப் பார்த்தேன்னு ஒரு வரி எழுதிட்டு எடுத்துடும்மா.
எட்டு மனைப்பிரிவுக் கோப்பு காத்துக்கிட்டிருக்கு.'

ஒரு வரிக்காகப் போனேன்.
டேப்பின் மறுமுனையைப் பிடிக்க செபமாலை.
மூடுபனியில் அவர் கை மட்டும் தெரிந்தது,
பிறகு அதுவும் இல்லை.
'நாப்பது' என்ற குரல் மட்டும் வந்தது.

இருபுறமும் கட்டடங்கள்
கோடுவரை வந்து நின்றிருந்தன.
காட்டேஜ் ஒன்றின் தாங்குசுவர்,
ஒரு தண்ணீர்த் தொட்டி,
பாதியில் நிறுத்திய மாடிப்படி
இறங்க இடமில்லாமல் அந்தரத்தில்.
எவரும் ஓரடி தாண்டவில்லை.
நாளைக்கே புல்டோசர் வருமென்று
முப்பத்தைந்து வருடம் பயந்திருக்கிறார்கள்
ஒரு பேனாவின் புள்ளிகளுக்கு.

நடுவில் நாற்பதடி, ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றா எழுதுவது?
உண்ணிச்செடி, கோரைப்புல்,
மேல்சரிவின் மழையெல்லாம் கீழிறங்கும் ஓர் ஈரக்கோடு,
அதன் குறுக்கே தேயிலை மூட்டையோடு போன
செருப்புத் தடங்கள்,
அவற்றின்மேல்
என் இரண்டு உள்ளங்கை அகலத்தில் குளம்புகள்.

செபமாலை என் தோளைத் தொட்டார். பேசவில்லை.

பனிக்குள்ளிருந்து முதலில் மூச்சு வந்தது.
அப்புறம் கொம்பு.
அப்புறம் வெள்ளைக் காலுறை மாட்டிய
காட்டுமாடுகள், பதினொன்று, வரிசையாக.
அவசரமில்லை. ஹாரன் இல்லை.
காட்டேஜ் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
எங்களை ஓர் எல்லைக்கல்லாக மதித்து
ஒதுங்கிப் போயின.
சதுப்பின் விளிம்பில்,
எண்பத்தொன்பதில் அந்தப் பேனா நெளிந்த அதே இடத்தில்,
நெளிந்து திரும்பின.

அவருக்குத் தெரிந்திருக்குமா?
ஈரத்தில் தார் நிற்காது என்று வளைத்திருப்பார்.
அவ்வளவுதான். அதற்குமேல் அவருக்குப் பெருமை வேண்டாம்.

வராததால் மட்டுமே
ஒரு சாலை திறந்திருக்கிறது.
வந்தாலும் மூடிவிடும்,
வராதென்று சொன்னாலும் மூடிவிடும்.
இதை எந்தப் படிவத்தில் எழுத?

அலுவலகத்தில் திரை ஒளிர்ந்தது.
கோட்டைத் தொட்டேன். நீலமானது.
நீக்கவா என்று மரியாதையாகக் கேட்டது கணினி.
இல்லை என்றேன்.
குறிப்புப் பத்தியில் ஒரு வரி:
'களம் பார்வையிடப்பட்டது. சாலை பயன்பாட்டில் உள்ளது.'
வாகன வகை என்ற கட்டத்தை
காலியாக விட்டேன்.

லிங்கா போஜனின் அரை ஏக்கருக்கு மாற்று நிலம் கேட்டு
தனியாக ஒரு குறிப்பும் வைத்திருக்கிறேன்.
அது எந்த மேசையில் எத்தனை வருடம் தூங்குமோ.
திங்கட்கிழமை வருவார்.
என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.
எதிர் நாற்காலியில் கிடந்த கோப்புகளை
இப்போதைக்கு
தரையில் இறக்கி வைத்தேன்.